சுவிட்ச் பெட்டியில் என் வீட்டுப் பூட்டு

ஒர்க்‌ஷாப்பில் காலடி வைக்கிற பிள்ளைகளின் முகத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கால். செருப்பா, ஷூவா? அப்புறம் மணிக்கட்டு, கழுத்து, தலைமுடி. சட்டைக் கை முழங்கைக்கு மேல் மடிந்திருக்கிறதா, துப்பட்டா காக்கிக் கோட்டுக்குள் போயிருக்கிறதா, பின்னல் தொங்குகிறதா. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, எனக்குக் குட் மார்னிங் சொன்னது யார் என்று பார்ப்பேன்.

என் மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஊக்கு வைத்திருக்கிறேன். நழுவுகிற துப்பட்டாவுக்கு, பட்டன் போன கோட்டுக்கு, கேட்காதவர்களுக்கும். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் ஊக்கு மேடம். என் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். விழட்டும்.

நான் படித்தது மெக்கானிக்கல். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் டெக்னிக்கல் அசிஸ்டண்ட் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. துறைத்தலைவர் சரி என்று சொன்னால் வருடா வருடம் நீட்டிப்பார்கள். விராலிமலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகள் லேத் பழகும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

லேத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புத் துண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழல்கிற கனத்த வட்டு ஒன்று அதில் இருக்கும். அதை சக் என்போம். சுழலும் துண்டின்மேல் வெட்டுகிற உளியை வைத்தால் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டில் ஒரு நூல் மாட்டினால் போதும். நூலோடு துணி, துணியோடு கை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நாம் கத்துவது அதற்குக் கேட்காது. கையுறை போட்டால் பத்திரம் என்று நம்பி முதல் நாளே கையுறையோடு வருகிற பிள்ளைகள் உண்டு. அதைத்தான் முதலில் கழற்றச் சொல்வேன். வெறும் விரல் பட்டால் அடிபட்டதோடு தப்ப வழி இருக்கிறது. கையுறை மாட்டினால் அது விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கயிறு விஷயத்தில்தான் வம்பு வரும்.

"மேடம், இது கோயில்ல கட்டுன கயிறு. கழட்டக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்காங்க."

"ரொம்ப நல்லது தம்பி. கயிறு கழற வேணாம். நீங்க கழண்டு அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

பின்னால் யாராவது சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கயிறு முழங்கைக்கு மேலே ஏறி, சட்டை மடிப்புக்குள் போய் மறைந்திருக்கும். அந்த அம்மாவும் ஜெயித்தார், நானும் ஜெயித்தேன் என்று விட்டுவிடுவேன்.

வீட்டிலும் நான் இப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், கேஸை அடைத்தேனா என்று திரும்பி வருகிற ஆள். என்னை பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிற என் கணவர், "போ, போ. சிலிண்டர்கிட்ட சொல்லிக்காம வந்தா அது கோவிச்சுக்கும்" என்பார். அரிமளத்திலிருந்து அத்தை வரும்போதெல்லாம் என் கையைப் பார்ப்பார். "ஏம்மா, ரெண்டு வளையலாவது போட்டா என்ன? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?" ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்கிறேன் அத்தை என்பேன். மறந்துபோவேன். என் பயம் எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ராத்திரி பாப்பா தூக்கத்தில் இருமினால் அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிற அதே கைதான், மெஷினை நிறுத்திய பிறகு சுவிட்சை இன்னொரு தரம் அழுத்திப் பார்ப்பதும்.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு மேலே ஃபோர்மேன் அண்ணன் இருக்கிறார். நல்ல மனுஷர். அவர் சொல்வார்: "பிள்ளை பெத்ததும் பொம்பளைங்களுக்குப் பயம் வந்துரும் தங்கச்சி. எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

"உங்களுக்கும் பிள்ளை இருக்குல்ல அண்ணே, உங்களுக்கு ஏன் வரலை?" என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

போன வருடத்து ஆயுத பூஜைதான் நான் அங்கே பார்த்த முதல் பூஜை. கல்லூரிக்கு லீவு விடுவதற்கு முந்தின நாள் வைப்பார்கள். மெஷின்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஆபத்து நேரத்தில் தட்டி நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக்கூட விடுவதில்லை. சந்தனம் அப்பி அப்பி அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய்விட்டது. லேத்தின் கால்களில் வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம். பையன்கள் வேட்டியில், பெண்கள் சேலையும் மல்லிகையுமாக. வருடம் முழுக்க எதையெல்லாம் வாசலிலேயே கழற்றச் சொல்வேனோ அத்தனையும் அன்றைக்குப் பூட்டிக்கொண்டு வந்து நின்றது. நானும் பட்டுச்சேலையில்தான் நின்றேன்.

கற்பூரம் காட்டி முடித்ததும் முதல் லேத்தை ஓட்டுவது அங்கே வழக்கம். சக்கில் பெரிய செண்டுப்பூ மாலையைச் சுற்றி, அப்படியே சுவிட்சைப் போடுவார்கள். மாலை சுழலும். இதழ்கள் நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். பிள்ளைகள் ஃபோனை நீட்டிக்கொண்டு நெருங்கி வருவார்கள். அப்படி நெருங்கித்தான் வந்தார்கள். மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், ஓட்டுகிறவரைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு அந்தக் கோட்டை ஒருத்தர் பாக்கியில்லாமல் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. சுண்டல் கொடுத்தார்கள், சாப்பிட்டோம்.

மாலை மிச்சத்தை அடுத்த வேலை நாளில் சுத்தம் செய்தது நான். சக்கின் பற்களுக்குள் நார் இறுகிப் போயிருந்தது. பிளேடால் அறுத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அப்படி எடுத்த நார்ச்சுருளில் முடி இருந்தது. நீளமான கறுப்பு முடி, சில இழைகள், நாரோடு நாராக முறுக்கிக்கொண்டு.

ஃபோர்மேன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பூக்காரம்மா முடியா இருக்கும் தங்கச்சி. கட்டும்போது சேந்து வந்திருக்கும்" என்றார்.

இருக்கலாம். பூக்காரம்மா முடியாகவே இருக்கலாம். அன்றைக்கு எந்தப் பெண்ணும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. இதை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் பாப்பாவுக்குத் தலைவாரும்போது சீப்பில் வருகிற முடியைப் பார்த்தால் அந்த நார்ச்சுருள் ஞாபகம் வந்துவிடும். இனி அந்த லேத் மாலையோடு சுற்றக் கூடாது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்தேன். மனதுக்குள் முடிவு செய்வது எனக்குச் சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

திறக்க வைத்தது ஒரு மாணவி. மீமிசலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். முதல் வகுப்பில் அவளுடைய முக்காட்டின் நுனியைக் கழுத்தோடு கோட்டுக்குள் சொருகச் சொல்லி நான்தான் ஊக்கு கொடுத்தேன். அதற்கப்புறம் நான் சொல்ல அவள் வைத்துக்கொண்டதே இல்லை, தானாகவே குத்திக்கொண்டு வருவாள். இந்த வருடம் பூஜைக்கு மெஷின் துடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, போன வருடத்து வீடியோவை ஃபோனில் காட்டினாள். சீனியர்கள் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"மேடம், கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"என் முக்காட்டை உள்ள சொருகச் சொல்றீங்க. அவன் கயித்தை மேல ஏத்தச் சொல்றீங்க. மெஷினுக்கு மட்டும் மாலையா?"

பக்கத்தில் நின்ற பையன், முன்பு கயிற்றுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தவன், "அது சாமி மாலைடீ, ஒண்ணும் செய்யாது" என்றான்.

"ஒன் கயிறும் சாமி கயிறுதானேடா? அப்ப எதுக்குப் பெஞ்சுல உக்காந்த?"

அவன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஊக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டுத் துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். பிறகு சொன்னார்: "ஒரு நிமிஷம் ஓடப்போகுது. நான் பக்கத்துலயே நிக்கிறேன்மா."

"நீங்க பக்கத்துல நிக்கிறதுதான் சார் எனக்குப் பயம்."

சிரித்தார். "நீங்களும் மெக்கானிக்கல், நானும் மெக்கானிக்கல். எனக்கு ரூல் தெரியாதா?"

"மாலையை சாமி படத்துக்குப் போட்டுட்டு, மெஷினைச் சும்மா ஓட்டலாமே சார்."

"டீன் வர்றார். வீடியோ எடுக்குறாங்க. மாலை சுத்துறதுதாங்க பாக்க அழகே. ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு யோசிக்காதீங்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது என் வாயில் ஊறிப்போன வார்த்தை. பள்ளிக்கூடத்தில் சரி டீச்சர், வீட்டில் சரி அத்தை, இங்கே சரி சார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவருக்கு ரூல் தெரியும். ஃபோர்மேன் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்கள் அங்கே யாருமே இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் மட்டும் தெரியாத மாதிரி இருந்துகொள்கிறோம். மெஷினுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது தீபாவளியும் பார்க்காது, பொங்கலும் பார்க்காது.

எங்கள் லேத்துகளுக்கு மின்சாரம் போகிற மெயின் சுவிட்ச் பெட்டி தனியாகச் சுவரில் இருக்கிறது. கைப்பிடியைக் கீழே இறக்கினால் எல்லா லேத்தும் நிற்கும். இறக்கிய கைப்பிடியை யாரும் ஏற்றிவிடாமல் பூட்டு மாட்டுவதற்கு அதிலேயே ஓர் ஓட்டை உண்டு. ரிப்பேர் நேரத்துக்காக வைத்தது. ஒர்க்‌ஷாப் பூட்டு எல்லாவற்றுக்கும் சாவி ஃபோர்மேன் அண்ணனின் கொத்தில் கிடக்கும். அந்தப் பூட்டை மாட்டுவதும் மாட்டாததும் ஒன்றுதான்.

பூஜை அன்று காலை, பட்டுப்பாவாடையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஸ்டாஃப் எல்லோரும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் கணவருக்குக் கம்பெனியில் பூஜை, முன்னாலேயே போய்விட்டார். பூட்டு என் கையில். போகிற வழியில் புதுப்பூட்டு வாங்கலாம் என்றால் அந்நேரத்துக்கு ஒரு கடையும் திறந்திருக்காது. பூட்டைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். பிறகு கதவைத் தாழ்ப்பாள் மட்டும் போட்டுவிட்டு, பூட்டை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றேன் எதிர்வீட்டு அக்காவிடம்.

"ஏன், பூட்டு என்னாச்சு?"

"வேலையிருக்குக்கா அதுக்கு."

கேஸை அடைத்தேனா என்ற நினைப்பு தெருமுனையில் வந்தது. அன்றைக்கு மட்டும் நான் திரும்பிப் போகவில்லை. திரும்பினால் பூட்டை மாட்டிவிட்டுத்தான் வருவேன் என்று எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் தோரணம் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். பெட்டியின் கைப்பிடியை இறக்கி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். விளக்குக்கும் ஃபேனுக்கும் வேறு சுவிட்ச் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. நல்ல நாளில் இப்படிச் செய்யலாமா, சாமி குத்தமாகிவிடுமா என்று ஒரு குரல் உள்ளே நச்சரித்துக்கொண்டேதான் இருந்தது. குங்குமத்தை எடுத்து சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகும் குரல் அடங்கவில்லை.

டீன் வந்தார். வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். மாலையை அவர் கையாலேயே சக்கில் சுற்றவைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். மஞ்சள் கோடு கால்களுக்கு அடியில் காணாமல் போனது. ஃபோன்கள் உயர்ந்தன.

"போடுங்க" என்றார் துறைத்தலைவர்.

ஃபோர்மேன் அண்ணன் பச்சைப் பொத்தானை அழுத்தினார். லேத் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"கரண்ட் இல்லையா?"

"ஃபேன் ஓடுதே சார்."

"நல்ல நேரம் பாத்துத்தான் மக்கர் பண்ணும்."

யாரோ சிரித்தார்கள். ஃபோர்மேன் அண்ணன் பெட்டியைப் பார்க்கத் திரும்பினார். நான் வாயைத் திறக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, என் இடுப்பிலிருந்த பாப்பா கையை நீட்டிச் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா! நம்ம வீட்டுப் பூட்டு!"

அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்தப் பூட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியதே அவள்தான்.

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"உங்க பூட்டா?" என்றார் துறைத்தலைவர்.

"ஆமா சார். வீட்டுப் பூட்டு."

"எதுக்கு?"

"மாலையைக் கழட்டிட்டு, எல்லாரும் மஞ்சக் கோட்டுக்கு அங்கிட்டுப் போனா தொறந்துர்றேன் சார்."

"சாவியக் குடுங்க." குரல் இறங்கியிருந்தது. டீனுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன குரல். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நல்ல காரியத்துல இப்படியா தடங்கல் பண்ணுவாங்க" என்றது. என் கை இடுப்புக்குப் போய்விட்டது. போனதை மறைக்க விரும்பவில்லை. இடுப்பில் இருந்த சாவி சூடாக இருந்தது. கொடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், போன வருடம் போல ஒன்றும் ஆகாமலேகூட முடிந்துவிடும்.

கூட்டத்தின் கடைசியில் அந்த மீமிசல் பெண் நின்றுகொண்டிருந்தாள். மற்ற பெண்கள் சேலையில் வந்திருக்க, அவள் மட்டும் காக்கிக் கோட்டோடு நின்றாள். முக்காட்டு நுனி உள்ளே சொருகியிருந்தது. நான் கொடுத்த ஊக்குதான். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்ற ஒரே ஆள் அவள்தான். என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துவிட்டேன்.

"மாலையோட ஓட்டுறதா இருந்தா சாவி தர மாட்டேன் சார்" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "போன வருஷம் இந்த மாலை நாருக்குள்ள முடி இருந்துச்சு. பூக்காரம்மா முடியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த வருஷம் யார் முடின்னு நான் தேடத் தயாரா இல்ல."

ஒரு பெண் தன் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சிவில் டிபார்ட்மெண்ட்ல காத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். துறைத்தலைவர் அவர் பின்னாலேயே போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"லீவு முடிஞ்சு வந்ததும் என் ரூமுக்கு வாங்க."

"சரி சார்" என்றேன். அந்தச் சரி சார் பழைய மாதிரி வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஃபோர்மேன் அண்ணன் லேத் பக்கத்தில் முகம் வாடி நின்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை. மெஷின் ஓடாமல் பூஜை முடிந்ததுதான் மனதை உறுத்தியது. நான் மாலையைக் கழற்றி, சாமி படம் மாட்டியிருந்த தூணில் போட்டேன். சிவப்புப் பொத்தானிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தேன். மிச்சமிருந்த பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினேன். பாப்பாவை அந்த மீமிசல் பெண்ணிடம் கொடுத்தேன். பூட்டைத் திறந்து கைப்பிடியை ஏற்றினேன்.

"இப்பப் போடுங்கண்ணே."

அவர் வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். வெறும் சக் வெள்ளியாகச் சுழன்றது. இதழ் எதுவும் தெறிக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. காது கொடுத்துக் கேட்டவர், "சத்தம் சுத்தமா இருக்கு" என்றார். பிறகு நிறுத்திவிட்டு, "வீட்டை எப்படித் தங்கச்சி போட்டுட்டு வந்தீங்க?" என்றார்.

"தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"அடப் பாவமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

வீட்டில் ஒன்றும் போகவில்லை. கேஸும் அடைத்துத்தான் இருந்தது. கணவர் எனக்கு முன்னால் வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நடந்ததையும், கிளம்பும்போது பூட்டை மறுபடி பெட்டியிலேயே மாட்டிவிட்டு வந்ததையும் சொன்னேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஊரெல்லாம் மெஷினைத் தொறந்து வச்சு வீட்டைப் பூட்டும். நீ வீட்டைத் தொறந்து வச்சு மெஷினைப் பூட்டிட்டு வந்திருக்க." கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப்பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "பழசு அங்கயே இருக்கட்டும்."

லீவு முடிந்து துறைத்தலைவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "தனியாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "தனியாத்தான் சார் முதல்ல சொன்னேன்" என்றேன். நீட்டிப்பு வரும்போது பார்க்கலாம் என்றார். பார்க்கட்டும். அது வருமா வராதா என்று நானும் யோசிக்கத்தான் செய்கிறேன், யோசிக்காமல் இருக்கிற பிறவி இல்லை நான். ஆனால் யோசிக்கும்போது ஒரு தடவைகூட சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியதில்லை.

பூட்டு இப்போது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பாப்பாவின் ஸ்டிக்கர் பொட்டு எண்ணெய்க் கையால் கறுத்துப்போயிருக்கிறது, உதிரவில்லை. வகுப்பு முடிந்து மெஷின்கள் நின்றதும் கைப்பிடியை இறக்கி, பூட்டி, இழுத்துப் பார்ப்பேன். வாசல் வரைக்கும் போவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வரும். பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார்கள். "மேடம், பூட்டு ஓடிறாது" என்பான் அந்தக் கயிற்றுப் பையன். சிரிக்கட்டும் என்று திரும்பி நடந்து போய், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன்.